கையெழுத்தை விட்டுக் கண்ணாடியைப் பாருங்கள்
முரானோ கண்ணாடி: வாசகர் கேள்வி–பதில்

வெனிஸ் அருகிலுள்ள முரானோ தீவில் ஊதிச் செய்யும் கண்ணாடி பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்துவிட்டு எழுதியவர்களில் பாதிப் பேர் கேட்டிருப்பது ஒரே கேள்வி: ‘என்னிடம் ஒன்று இருக்கிறது, அசலா?’ படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

கேள்வி: 1960களில் வெனிஸ் போய்வந்த பெரியப்பா வாங்கி வந்த பூச்சாடி. நடுவில் சிவப்பு, அதைச் சுற்றித் தேன் நிறம், வெளியே தண்ணீர் போலத் தெளிவு. இரண்டு கிலோவுக்குக் குறையாது. அடியில் எந்தப் பெயரும் இல்லை. போலியோ? – வாசகர், கோவை

பெயர் இல்லாதது குறையே அல்ல. அந்தக் காலத்தில் முரானோ தீவின் உலைகளிலிருந்து வெளியே போன பொருள்களில் பெரும்பாலானவற்றில் ஒரு காகித ஒட்டுச்சீட்டோ தகட்டுச்சீட்டோதான் இருந்தது. முதல் கழுவலிலேயே அது போயிருக்கும்.

நீங்கள் சொல்வது சொம்மெர்சோ முறை. ‘மூழ்கியது’ என்று பொருள், செய்முறையும் அதுவே. ஊதுகுழல் நுனியில் சிவப்புக் கண்ணாடியை எடுத்துச் சிறு குமிழாக ஊதுவார்கள். அதைத் தேன்நிறக் கண்ணாடி உருகியிருக்கும் மூசையில் முக்கி எடுப்பார்கள். நனைத்த மரக்குழிவில் உருட்டிச் சமன் செய்து, சற்று இறுகியதும் தெளிந்த கண்ணாடியில் மறுபடி முக்குவார்கள். முக்கும்போது கை அவசரப்பட்டால் இரண்டு அடுக்குக்கும் நடுவே காற்று சிக்கிக்கொள்ளும். உள்ளே இருக்கும் குமிழ் அளவுக்கு மேல் சூடாக இருந்தால் நடுவை விட்டு ஒரு பக்கமாகச் சரியும். ஆகவே சாடியைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பக்கவாட்டில் பாருங்கள். நிறங்கள் சந்திக்கும் கோடு கத்தியால் வெட்டியதுபோல் இருக்கிறதா, பால் கலந்ததுபோல் கசிந்திருக்கிறதா? சுற்றிலும் அடுக்கின் தடிமன் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறதா? இரண்டும் சரியென்றால் நல்ல கை செய்தது என்று நம்பலாம்.

இந்த முறைக்குப் பெரும் புகழ் தேடித் தந்தவர் செகூசோ வெத்ரி தார்த்தே நிறுவனத்துக்கு வடிவமைத்த ஃபிளாவியோ போலி. 1954இல், கொம்பாசோ தோரோ என்ற இத்தாலிய வடிவமைப்பு விருது முதன்முறையாக வழங்கப்பட்டபோதே, அவருடைய சாடி ஒன்றுக்கும் கிடைத்தது. அப்புறம் தீவில் சொம்மெர்சோ செய்யாத உலை இல்லை. அதனால்தான் விற்பவர்கள் சிவப்பு–தேன் நிறம் எதைக் கண்டாலும் ‘போலி செய்தது’ என்கிறார்கள். (தமிழில் அந்தப் பெயர் படும் பாடு தனி.) போலியின் வடிவங்களில் வெட்டுமுகம் இருக்காது, சிப்பி போல, கூழாங்கல் போல வழுவழுப்பான வளைவுதான் அவர் பாணி. உங்களுடையது வைரம்போலப் பட்டை தீட்டியதாக இருந்தால் அது வேறு பட்டறையின் வேலை. அதற்கும் மதிப்பு உண்டு, ஆனால் போலியின் விலை கிடையாது.

எடையை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். சீனத்துப் பிரதிகளும் கனமானவைதான்.

கேள்வி: கைக்குட்டையை விரல் நுனியில் பிடித்துத் தொங்கவிட்டதுபோன்ற சாடி. அடியில் ‘வெனினி’ என்று இருக்கிறது. நம்பலாமா? – வாசகி, சென்னை

எழுத்தைக் கடைசியில் பார்ப்போம். முதலில் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள்.

இத்தாலியர் இதை ஃபாட்சோலெத்தோ, அதாவது கைக்குட்டை என்கிறார்கள். ஃபுல்வியோ பியான்கோனியும் பவுலோ வெனினியும் சேர்ந்து 1940களின் கடைசியில் கொண்டுவந்த வடிவம். பியான்கோனி புத்தக அட்டையும் விளம்பரமும் வரைந்த ஓவியர். வெனினி மிலானிலிருந்து வந்த வழக்கறிஞர். 1921இல் வெனிஸ் பழம்பொருள் வணிகர் ஜாக்கோமோ கப்பெல்லினுடன் கூட்டாக உலை தொடங்கியவர். ஊதிய குமிழின் வாயை அகலத் திறந்து, மறுபடி நெருப்பில் நன்றாகக் காட்டி இளக்கி, வாய் கீழே பார்க்கத் திருப்புவார்கள். மடிப்பை விழவைப்பது பூமியின் இழுவை. எந்த நொடியில் நிறுத்துவது என்பது மட்டும் கைவினைஞரின் முடிவு. அதனால் இரண்டு சாடி ஒன்றுபோல இருக்காது. அடி தடித்து, மேலே போகப் போக மெலியும். விளிம்பு நெருப்பில் உருண்டு வழுவழுப்பாக இருக்கும்.

விளிம்பு அறுத்துத் தேய்த்ததுபோல் தட்டையாக இருந்து, தடிமன் அடியிலிருந்து நுனிவரை ஒரே அளவாக இருந்தால் அது ஊதியது அல்ல. கண்ணாடித் தகட்டை அச்சில் வளையவிட்டது. இங்கிலாந்தின் சான்ஸ் நிறுவனம் 1950களின் பிற்பகுதியிலிருந்து இப்படித்தான் செய்தது. மேலே அச்சிட்ட கோடும் கட்டமும் இருக்கும். அது நேர்மையான பொருள், போலி அல்ல. யாரோ இடையில் பெயரை மாற்றிவிடுகிறார்கள்.

அடுத்து நிறம். வெனினியில் அடிக்கடி காண்பது உள்ளே பால்வெள்ளை, வெளியே ஒரு வண்ணம் என்ற இரட்டை அடுக்கு. முறுக்குக் கோடு போட்டதென்றால், கோடுகள் அடியின் நடுவிலிருந்து கிளம்பி மூலைகள்வரை அறுபடாமல் ஓடுகின்றனவா என்று பாருங்கள்.

இனி எழுத்து. 1940களிலும் 50களிலும் அமிலத்தால் பதித்த சிறு முத்திரை: ‘வெனினி, முரானோ, இத்தாலியா’ என்று மூன்று வரி, மங்கிய வெள்ளை. 1960களின் பிற்பகுதியில் வட்ட முத்திரை. 1970களில் வைரமுனையால் கீறிய ‘வெனினி இத்தாலியா’. ஆண்டின் இலக்கங்களைச் சேர்த்துக் கீறுவது அதற்கும் பின்னால். ‘1950ஆம் ஆண்டுச் சாடி’ என்று விற்பவர் சொல்ல, அடியில் 80களின் கீறல் இருந்தால் இரண்டில் ஒன்று பொய். ஃபாட்சோலெத்தோவை அந்த நிறுவனம் பிற்காலத்திலும் செய்துவந்திருப்பதால் சாடி அசலாகவும் ஆண்டு பொய்யாகவும் இருக்கலாம்.

பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்குங்கள். விளக்கைப் பக்கவாட்டில் வைத்து முத்திரையைப் பாருங்கள். எழுபது வருடம் மேசைகளில் உட்கார்ந்த அடியில் பல திசையிலும் ஓடும் மெல்லிய கீறல்கள் இருக்கும். அவை எழுத்தின் மேலேயும் ஏறிப் போக வேண்டும். கீறல்களின் மேல் எழுத்து புதிதாகப் படுத்திருந்தால் முத்திரை பின்னால் வந்தது. கீறல்கள் எல்லாம் ஒரே திசையில் இணையாக ஓடினால் அது உப்புத்தாளின் வேலை. இன்னொன்று: சாடி தரையைத் தொடும் வளையத்தில்தான் தேய்மானம் இருக்கும். தரையைத் தொடாத குழியிலும் தேய்ந்திருந்தால் யாரோ மெனக்கெட்டிருக்கிறார்கள்.

கேள்வி: கண்ணாடிக்குள் வலைபோல வெள்ளைக் கோடுகள், ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு காற்றுக் குமிழ். இதை எப்படிச் செய்கிறார்கள்? வரைவதா? – வாசகர், மதுரை

வரைவதில்லை. கோடு ஒவ்வொன்றும் ஒரு கண்ணாடிக் கம்பி.

பால்வெள்ளைக் கண்ணாடியை உருண்டையாக எடுத்துத் தெளிந்த கண்ணாடியால் போர்த்துவார்கள். ஒருவர் ஒரு முனையைப் பிடிக்க, மற்றவர் எதிர்முனையை இழுத்துக்கொண்டே பின்னால் நடப்பார். உருண்டை மீட்டர் கணக்கில் நீண்டு பென்சிலைவிட மெல்லிய கம்பியாகும். நடுவில் வெள்ளை நரம்பு அப்படியே இருக்கும். ஆறியதும் ஒரே நீளத்தில் துண்டாக்கித் தட்டில் வரிசையாக அடுக்கி, ஒன்றோடொன்று ஒட்டிப் பாய்போலாகும்வரை சூடாக்குவார்கள். ஊதுகுழல் நுனியில் கண்ணாடி வளையம் ஒன்று தயாராக இருக்கும். அதைப் பாயின் ஓரத்தில் வைத்து உருட்ட, பாய் சுருண்டு உருளையாகும். கீழ்முனையை இடுக்கியால் கிள்ளி மூடி முறுக்கினால் கோடுகள் சாய்ந்து ஓடும். இது பாதி வேலை. பெயரும் ‘மெட்சா ஃபிலிகிரானா’, பாதி ஃபிலிகிரானா.

நீங்கள் கேட்பது ரெத்திசெல்லோ. வலப்பக்கம் முறுக்கிய குமிழுக்குள் இடப்பக்கம் முறுக்கியதை இறக்கி ஊதி ஒட்டவைப்பது. கம்பிகள் கொஞ்சம் புடைத்திருப்பதால் இரண்டு புடைப்புகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் காற்று மாட்டிக்கொள்கிறது. குமிழ் ஒவ்வொன்றும் அப்படிப் பிறப்பதுதான். இரண்டு உருளையிலும் கம்பி எண்ணிக்கை ஒத்துப்போகாவிட்டால் கண்ணிகள் கோணும். நெருப்பில் அதிகமாகக் காட்டினால் புடைப்பு உருகிக் குமிழ் மறையும். குறைவாகக் காட்டினால் ஒட்டாமல் பிரியும். நல்ல வேலையில் அடிப்புள்ளியில் கூடக் கோடுகள் குழம்பாமல் சேரும். முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும். அவசர வேலை அங்கேதான் அகப்படும்.

பியான்கோனியின் பெட்சாத்தோ சாடிகளும் இதே பாய் சுருட்டும் வேலைதான், கம்பிக்குப் பதில் சதுர வண்ணத் துண்டுகள். அவுரேலியானோ தோசோ நிறுவனத்துக்காக தீனோ மார்ட்டென்ஸ் வடிவமைத்த ‘ஓரியெந்தே’ வரிசை இந்த ஒழுங்குக்கெல்லாம் நேர் எதிர்: வண்ணத் திட்டுகள், முறுக்குக் கம்பிகள், செப்புத் துகள் மின்னும் அவென்தூரின் என எல்லாம் ஒரே சாடியில். அவென்தூரினின் மினுக்கு மேலே தூவியது அல்ல. செம்புச் சேர்மம் கலந்த கண்ணாடியை உலையிலேயே மிக மெதுவாக ஆறவிட, செம்பு பளிங்குகளாகப் பிரிந்து நிற்கிறது.

கேள்வி: எதுவும் படாமலே சாடியில் ஒருநாள் விரிசல் விட்டது. ஏன்? – வாசகர், பினாங்கு

இரண்டு காரணங்களில் ஒன்று. இரு நிறக் கண்ணாடிகள் ஆறும்போது வெவ்வேறு அளவு சுருங்கினால் சந்திப்பில் இழுவிசை தங்கிவிடும். விரிசல் நிறக்கோட்டை ஒட்டியே ஓடியிருந்தால் இதுதான். அல்லது சரியாக ஆற்றவில்லை. இந்தச் சோடாக் கண்ணாடியைச் சுமார் 500 டிகிரி செல்சியஸில் நிறுத்தி மெல்ல இறக்க வேண்டும். சுவர் தடிமனாக ஆக, நேரம் பல மடங்கு நீளும். அவசரப்பட்டால் வெளிப்புறம் இறுகி, உள்ளே இழுவிசை தங்கும். ஒரு நாள் ஏசி காற்றோ வெந்நீரோ போதும்.

மீதமிருப்பவற்றைச் சோதிக்க ஒரு வழி: மடிக்கணினித் திரையை முழு வெள்ளையாக்குங்கள். போலராய்டு கூலிங்கிளாஸ் ஒன்றைக் கண்முன் பிடித்து, திரை கருக்கும்வரை திருப்புங்கள். நடுவில் சாடியைக் கொண்டுவாருங்கள். நன்றாக ஆற்றியது கருமையிலேயே இருக்கும். வெளிச்சத் திட்டோ வானவில் பட்டையோ தெரிந்தால் அங்கே விசை உட்கார்ந்திருக்கிறது. அதில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஜன்னலோரமும் வேண்டாம். தெளிந்த, வெளிர்நிறக் கண்ணாடிக்குத்தான் இது சரிப்படும். பால்வெள்ளையில் எதுவும் தெரியாது.

விரிசலை மீண்டும் சூடாக்கி ஒட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கூடவே கூடாது. ஏறும் சூட்டிலேயே உடையலாம். தப்பினாலும் வடிவம் குலையும். விளிம்பில் சின்னச் சில்லு போயிருந்தால், தடித்த சொம்மெர்சோவைத் தண்ணீர் ஓடவிட்டுத் தேய்த்துச் சமன் செய்யலாம். உயரம் குறையும், மதிப்பும் குறையும். ஃபாட்சோலெத்தோவைத் தேய்க்கவே கூடாது. விளிம்புதான் அதன் உயிர்.

கேள்வி: உள்ளே வெள்ளைப் படலம். எதைப் போட்டும் போகவில்லை. – வாசகி, சேலம்

போர் தண்ணீரில் பூ வைத்திருப்பீர்கள். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) கரைத்து ஊற்றி இரவு முழுக்க வையுங்கள். காலையில் ஒரு கைப்பிடி பச்சரிசியைப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு மெல்லச் சுழற்றுங்கள். அரிசி படலத்தை எடுக்கும், கண்ணாடியைக் கீறாது. மணல், சாம்பல், இரும்பு நார் எதுவும் ஆகாது. பித்தளைக்குச் செய்வதுபோல் புளியும் கல்லுப்பும் போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம்.

இரண்டு முறை செய்தும், ஈரமாக இருக்கையில் மறைந்து காய்ந்ததும் திரும்பி வந்தால் அது உப்புப் படலம் அல்ல; கண்ணாடியின் மேற்பரப்பே அரித்திருக்கிறது. தேங்கிய தண்ணீர் கண்ணாடியிலுள்ள சோடாவை மெல்ல இழுத்து, அந்தக் காரமே திரும்பக் கண்ணாடியைத் தின்கிறது. வீட்டு வைத்தியம் இதற்குக் கிடையாது, மெருகேற்றுபவரால் மட்டுமே முடியும். இனிமேல் பூ வைக்கும்போது உள்ளே ஒரு எவர்சில்வர் டம்ளரை இறக்கி அதில் தண்ணீர் ஊற்றுங்கள்.

ஓர் எச்சரிக்கை. மங்கலாக இருப்பதெல்லாம் அழுக்கு அல்ல. ‘கொர்ரோசோ’ என்பது அமிலத்தால் வேண்டுமென்றே அரித்தது. ‘ஸ்காவோ’ மண்ணைத் தோண்டி எடுத்ததுபோல் சொரசொரப்பாக்கியது. வெளிப்புறத்தில் பொன் இழை உள்ளதை ஈரத்துணியால் ஒற்றினால் போதும். பாத்திரம் கழுவும் இயந்திரம் எதற்கும் கிடையாது.

கேள்வி: கட்டடக் கலைஞர் கார்லோ ஸ்கார்ப்பா கண்ணாடி ஊதினாரா? – மாணவர், திருச்சி

ஊதியதில்லை. முரானோவில் வரைபவர் வேறு, உலைமுன் நிற்கும் மாஸ்த்ரோ, அதாவது தலைமைக் கைவினைஞர், வேறு. ஸ்கார்ப்பா முதலில் கப்பெல்லின் உலையிலும், 1932 முதல் 1947 வரை வெனினியிலும் வடிவமைத்தார். தாளைக் கொடுத்துவிட்டுப் போய்விடாமல் உலையருகிலேயே நின்றார். அதன் பயன் மேற்பரப்பில் தெரியும்: அமிலம் தின்ற கொர்ரோசோ, சக்கரத்தால் ஆயிரம் சிறு தட்டல்களாகத் தேய்த்து அடித்த வெள்ளித்தகடு போலாக்கிய ‘பத்தூத்தோ’. அந்த வேலைகளின் மாஸ்த்ரோ, ‘போபொலி’ என்று அழைக்கப்பட்ட அர்த்தூரோ பியாசுத்தோ போன்றவர்கள். அவர்கள் பெயர் அடியில் வராது. நியாயமில்லைதான்.

வெனிஸ் போனால் சான் மார்க்கோ சதுக்கத்தில் ஸ்கார்ப்பா 1957–58இல் அமைத்த ஒலிவெத்தி தட்டச்சு இயந்திரக் கடையைப் பாருங்கள், இப்போது காட்சியகம். தரை முழுக்கச் சிறு கண்ணாடிச் சில்லுகள், பகுதிக்கு ஒரு நிறம், ஒரு சில்லும் சரியான சதுரமில்லை.

கேள்வி: வெனிஸ் பியெனாலே கலைக் கண்காட்சியில் ஓர் அமெரிக்கருக்குக் கொடுத்த பரிசைப் பிடுங்கிக்கொண்டார்களாமே? – வாசகர், கொழும்பு

உண்மை. தாமஸ் ஸ்டியர்ன்ஸ். 1960இல் உதவித்தொகையில் வந்து வெனினியில் சேர்ந்தார். மாஸ்த்ரோ ஃபிரான்செஸ்கோ ஓங்காரோவுடன் சேர்ந்து, ஒழுங்கான சமச்சீருக்கு எதிராகக் கோணல் வடிவங்களைச் செய்தார். 1962 பியெனாலேயில் அவருடைய ஆறு படைப்புகளுக்குத் தங்கப் பதக்கம் அறிவித்தார்கள். இத்தாலியர் அல்ல என்று தெரிந்ததும் திரும்பப் பெற்றார்கள்.

கேள்வி: புறஊதா டார்ச்சில் பச்சையாக ஒளிர்ந்தால் முரானோதானே? – வாசகர், புதுச்சேரி

இல்லை. பளீரென்று ஒளிர்ந்தால் யுரேனியம், மங்கலாக ஒளிர்ந்தால் பெரும்பாலும் நிறம் நீக்கப் போட்ட மாங்கனீசு. இரண்டையும் உலகம் முழுக்கப் போட்டார்கள். பகலில் ஊதாவாகவும் குழல்விளக்கில் நீலமாகவும் மாறினால் நியோடிமியம். அதுவும் ஊரைச் சொல்லாது, கலந்த பொருளை மட்டும் சொல்லும்.

கேள்வி: புதிதாக வாங்க என்ன அடையாளம்? மூடி போட்ட உயரமான பச்சைக் குப்பிகள் முரானோவா? – வாசகி, ஈரோடு

அந்தக் குப்பிகள் பெரும்பாலும் இத்தாலியின் டஸ்கனி பகுதியிலுள்ள எம்பொலி ஊரில் செய்தவை. அழகானவை, விலையும் குறைவு. முரானோ விலை கொடுக்காதீர்கள். தற்காலப் பொருளுக்கு ‘வெத்ரோ ஆர்த்திஸ்திகோ முரானோ’ என்ற வணிக முத்திரை உண்டு; 1994இல் வெனெத்தோ மாநிலச் சட்டத்தால் வந்தது. பழையவற்றுக்கு அது பொருந்தாது. ‘மேட் இன் இத்தாலி’ சீட்டு நாட்டை மட்டுமே சொல்கிறது, தீவை அல்ல.

கேள்வி: செப்புக் கம்பிக் கால், வட்டக் கண்ணுடன் ஒரு கண்ணாடிக் குருவி. ஆடுகிறது. காலில் பச்சை பூத்திருக்கிறது. – வாசகர், நாகர்கோவில்

அலெஸ்ஸாந்த்ரோ பியானோன் 1960களின் தொடக்கத்தில் விஸ்தோசி நிறுவனத்துக்காக வடிவமைத்த ‘புல்சீனோ’ வரிசையாக இருக்கலாம். ஐந்து வடிவங்கள் உண்டு: ஒன்று உருண்டை, ஒன்று கனசதுரம் போல. கண் ஒட்டியது அல்ல. வண்ண வளையங்கள் கொண்ட கண்ணாடிக் கம்பியைக் குறுக்கே நறுக்கிய முர்ரீனே வில்லை, சூட்டோடு பதித்தது. உங்களுடையதில் கண் மேலே பசையால் நிற்கிறதென்றால் ஆசையை விட்டுவிடுங்கள்.

பச்சையை மெருகுத் திரவம் போட்டுத் துடைக்காதீர்கள். திரவம் கால் நுழையும் துளைக்குள் இறங்கி வெளியே வராது. உலர்ந்த பருத்தித் துணி போதும். ஆட்டத்துக்குக் கம்பியை வளைக்க வேண்டாம், பாதத்துக்கு அடியில் ஒரு துணுக்கு மெழுகு வையுங்கள். தூக்கும்போது எப்போதும் உடம்பைப் பிடியுங்கள், காலை அல்ல.